மண்ணும் மூலக்கூறும் – 11: பருப்பு வேகும் தண்ணீர்

தண்ணீர் நல்லதா என்று பார்க்க நம் சமையலறைகளில் ஒரு சோதனை உண்டு. துவரம்பருப்பு சீக்கிரம் குழைய வேண்டும். சோப்பு நுரைக்க வேண்டும். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு ஒட்டக் கூடாது. மூன்றும் கூடிவந்தால் அந்தப் போர்த் தண்ணீருக்கு ஊரில் தனி மரியாதை. தர்மபுரி மாவட்டத்தில், நல்லம்பள்ளி போன்ற வறண்ட பகுதிகளில், இந்தச் சோதனை ஆளை ஏமாற்றிவிடக்கூடும். இந்தத் தொடரில் இதுவரை தொலைதூர ஆய்வுக்கூடங்களைத்தான் அதிகம் சுற்றினோம். இந்த வாரம் நல்லம்பள்ளியின் ஒரு குடம் தண்ணீரில் எத்தனை அறிவியல் துறைகள் வந்து சேர்கின்றன என்று பார்ப்போம்.

பாறையிலிருந்து தொடங்க வேண்டும். தர்மபுரியின் அடியில் கிடப்பவை சார்னோக்கைட், நைஸ், கிரானைட் வகைப் பாறைகள். பெரும்பாலும் 250 கோடி ஆண்டுப் பழமை கொண்டவை. அவற்றில் உள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அப்படைட் ஆகிய கனிமங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஃபுளோரினைப் பிடித்து வைத்திருக்கின்றன. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு பாறை விரிசல்களில் இறங்கி, அங்கே ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. தங்கும் காலம் நீள நீள, கனிமத்திலிருந்து ஃபுளோரைடு நீருக்கு மாறுகிறது.

இதற்கு ஒரு இயற்கைத் தடை இருக்கிறது. கால்சியமும் ஃபுளோரைடும் சேர்ந்தால் எளிதில் கரையாத உப்பாகிப் படிந்துவிடும். அதனால் நீரில் கால்சியம் நிறைய இருக்கும்வரை ஃபுளோரைடு ஓரளவுக்கு மேல் ஏறுவதில்லை. ஆனால் மழை குறைந்த, வெயில் கடுமையான நிலத்தில் நீர் ஆவியாகிறது, பைகார்பனேட் மிகுகிறது, கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து நீரை விட்டு வெளியேறுகிறது. கிணறு வெட்டும்போது மண்ணோடு வரும் சுக்கான்கல் அப்படி உருவானதுதான். கால்சியம் போனபின் ஃபுளோரைடைத் தடுக்க ஆளில்லை. பருப்பை வேகவிடாமல் செய்வது எதுவோ, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது எதுவோ, அதே கால்சியம்தான் ஃபுளோரைடை அடக்கியும் வைத்திருந்தது! மென்மையான தண்ணீர் எல்லாம் கெட்டது, கடினமான தண்ணீர் எல்லாம் பாதுகாப்பானது என்று இதற்குப் பொருளல்ல. நாக்கும் அடுப்பும் ஃபுளோரைடை அறியாது என்பதே விஷயம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தால் நீர் சுண்டி, செறிவு கூடத்தான் செய்யும்.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை விடலாம். அதற்குமேல் தொடர்ந்து குடித்தால், நிலைப்பல் உருவாகிவரும் வயதில் எனாமல் கெடுகிறது. குழந்தையின் எட்டு வயதுக்குள் நடக்கும் சேதம் முளைத்த பல்லில் காவிக் கறையாகத் தெரியும். எந்தப் பல்பொடியும் அதைப் போக்காது. அளவு இன்னும் கூடி, பல ஆண்டு நீடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் ஃபுளோரோசிஸ் எனப்படும் இந்த நோயை 1937-ல் ஷார்ட் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் விவரித்து எழுதினார்கள். கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் இதை எழுத வேண்டியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் ஈவாக் நீர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜோயல் பாட்கோர்ஸ்கியும் மைக்கேல் பெர்க்கும் உலகெங்குமிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்ட நிலத்தடி நீர் அளவீடுகளைத் திரட்டி, பாறை, மண், தட்பவெப்பத் தரவுகளோடு சேர்த்துக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து 2022-ல் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். சுமார் 18 கோடிப் பேர் ஆபத்து வட்டத்தில் இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும். எந்த வட்டாரத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று இந்த வரைபடம் சொல்லும். எந்தப் போர் என்று சொல்லாது. விரிசல் பாறை நிலத்தில் ஒரே தெருவின் இரண்டு போர்களுக்கு இரண்டு விதமான தண்ணீர் வரலாம்.

அடுத்த கண்டுபிடிப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேக்கர் குழுவினர் பாக்டீரியாக்களில் திரும்பத் திரும்ப வரும் ஓர் ஆர்.என்.ஏ. வடிவம் எதற்காக என்று தேடிக்கொண்டிருந்தார்கள். சோதித்த பொருள் ஒன்றில் கலந்திருந்த ஃபுளோரைடுக்கு அது பதில் சொன்னது. 2012-ல் முடிவு வெளிவந்தது: நுண்ணுயிர்கள் தம்முள் ஃபுளோரைடு ஏறுவதை இந்த ஆர்.என்.ஏ. மூலம் உணர்ந்து, அதை வெளியேற்றும் புரதத்தை உற்பத்தி செய்கின்றன. இதில் ஒரு புதிர் இருந்தது. ஆர்.என்.ஏ.வும் எதிர்மின், ஃபுளோரைடும் எதிர்மின். ஒன்றையொன்று தள்ளவேண்டியவை எப்படி ஒட்டுகின்றன? அதே ஆண்டில் விஞ்ஞானி தின்ஷா பட்டேலின் குழு அந்த ஆர்.என்.ஏ.வின் அமைப்பைப் படம்பிடித்துக் காட்டியது. நடுவில் மூன்று மக்னீசிய அயனிகள் நின்று ஃபுளோரைடைச் சூழ்ந்துகொள்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக நுண்ணுயிர் அறிந்திருந்த ஒன்றை நாம் அறிய இவ்வளவு காலம் ஆனது என்பதை நினைக்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது.

இந்த ஆர்.என்.ஏ.வை உணரியாகக் கையில் எடுத்தவர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஜூலியஸ் லக்ஸ். உயிரணுவைச் சிதைத்து எடுத்த சாற்றோடு இந்த உணரியைச் சேர்த்து, உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கினார்கள். சோதிக்க வேண்டிய நீரைச் சொட்டுவிட்டால், ஃபுளோரைடு அளவு மீறியிருந்தால் சில மணி நேரத்தில் மஞ்சள் நிறம் தோன்றும். கோஸ்டாரிகாவில் இராசு எரிமலைப் பகுதி நீரில் சோதித்த முடிவு 2020-ல் வெளிவந்தது. பிறகு கென்யாவில் வீட்டுத் தண்ணீரிலும் பார்த்தார்கள். இந்த வாரக் கண்டுபிடிப்புகளில் நான் மிக அதிகம் நம்பிக்கை வைப்பது இதன்மேல்தான். குடத்தைத் தூக்குபவரே குடத்தைச் சோதிக்கலாம் என்பதால்.

தர்மபுரிக்காரர்கள் ஆர்வமாகக் கேட்கும் இன்னொன்று புளி. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் அர்ஜுன் காண்டரே குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வில் 18 சிறுவர்கள் தினமும் 10 கிராம் புளி வீதம் 18 நாள் சாப்பிட்டார்கள். சிறுநீரில் வெளியேறிய ஃபுளோரைடு நாளுக்கு 3.5 மில்லிகிராமிலிருந்து 4.8 ஆக உயர்ந்தது. புளிய மரங்கள் நிறைந்த மாவட்டத்துக்கு மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் சிறிய ஆய்வு. தண்ணீர் மாறாமல் ரசம் மட்டும் கூடினால் போதும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

நீரை மாற்றும் வழிகளில் பெரியது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பானியக் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் முடிந்து, 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் குறைப்பு என்ற சொல் இருந்தது. ஒகேனக்கல்லிலும் பாறைதான், அங்கே சுமார் 240 கோடி ஆண்டு வயதுள்ள கார்பனடைட் என்ற அரிய பாறையும் உண்டு. ஆனால் காவிரி ஓடிக்கொண்டே இருப்பதால் பாறையோடு உறவாட நேரமில்லை. இன்னொரு வழி நிலத்துக்குள் மழைநீரை அதிகம் அனுப்பி நீர்க்கச் செய்வது. தர்மபுரி மாவட்டத்தின் வாணியாறு வடிநிலத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தில் எல். இளங்கோ குழுவினர் ஃபுளோரைடு நீரை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆந்திரத்தின் அனந்தப்பூரில் தடுப்பணைகளால் ஃபுளோரைடு குறைந்ததை வேறு ஆய்வாளர்கள் 2005-லேயே எழுதினார்கள்.

குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் வீடு மறுபடி போருக்குத்தான் திரும்பும். அந்தப் போர் எப்படிப்பட்டது என்று தெரிந்தாக வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டி தந்து பயிற்சி அளிக்கும் ஏற்பாடு இருக்கிறது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலும் மாதிரி கொடுத்துச் சோதிக்கலாம். முடிவு பதிவேட்டில் தங்கிவிடக் கூடாது. வங்கதேசத்தில் ஆர்சனிக் தெரியவந்தபோது ஏறத்தாழ 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்து, குடிக்கலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு என்று பம்பிலேயே பூசினார்கள். நல்லம்பள்ளி ஒன்றியத்தின் ஒவ்வொரு கைப்பம்பிலும் சின்டெக்ஸ் தொட்டியிலும், முக்கியமாகச் சத்துணவு சமைக்கும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும், ஃபுளோரைடு எவ்வளவு, எந்த மாதம் பார்த்தது என்ற இரண்டு விவரங்களைப் பெரிய எழுத்தில் எழுதிவைக்க ஊராட்சிகள் முடிவெடுக்க வேண்டும். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை.