ஆபத்தை அளக்கும் உள்ளம்

மதுவுக்கோ பிற போதைப் பொருளுக்கோ அடிமையான ஒருவரைக் குறித்து அயலார் கூறும் தீர்ப்புப் பெரும்பாலும் ஒன்றே: "அவனுக்குப் பயமென்பது கிடையாது." சித்தப்பிரமையுற்ற ஒருவரைக் குறித்தோ, "அவனுக்கு ஒன்றுந் தெரியாது, எதையுஞ் செய்துவிடுவான்" என்பர். சொல் வேறாயினும் கருத்து ஒன்றுதான். இவ்விருவரும் ஆபத்தை அறியாதவர். ஆதலின் ஆபத்தில் வீழ்கின்றனர் என்பதே அது. உளநூலாரும் மூளை வைத்தியரும் சென்ற சில பத்தாண்டுகளில் நடத்திய பரிசோதனைகள் இத்தீர்ப்பைப் பெரிதும் அசைத்துவிட்டன.

முதலிற் குடிகாரரை எடுத்துக்கொள்வோம். காலை வேளையில், தெளிந்த நிலையில் இருக்கும்போது அவரை வினவிப் பாருங்கள். ஈரல் கெடும் என்பார். உத்தியோகம் போகும் என்பார். மனைவியின் நகை அடகுக் கடையில் இருக்கிறதென்பார். வைத்தியர் சொல்லக்கூடியதற்கு மேலாகவே சொல்லுவார். அன்று மாலையே மீண்டுங் குடிப்பார். "குடிகாரன் பேச்சு விடிந்தாற் போச்சு" என்று பழமொழி பரிகசிக்கிறது. ஆனாற் காலையில் அவர் பேசியது பொய்யன்று. அவ்வறிவு மாலைவரை ஏன் தாங்கவில்லை என்பதே ஆராயத்தக்க வினா.

அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் அன்ரோயின் பெச்சாரா, அன்ரோனியோ டமாசியோ முதலியோர் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட சீட்டாட்டப் பரிசோதனை இவ்வினாவுக்கு ஒரு வழி திறந்தது. ஆடுபவர் முன்னிலையில் நான்கு சீட்டுக் கட்டுகள் வைக்கப்படும். கையில் 2000 டொலர் விளையாட்டுப் பணம். முதலிரு கட்டுகளில் எச்சீட்டை எடுத்தாலும் 100 டொலர் கிடைக்கும். மற்ற இரண்டிலும் 50 டொலரே. ஆனால் இடையிடையே தண்டமுங் கட்டவேண்டும். கைநிறையக் கொடுக்குங் கட்டுகளில் தண்டமும் பெரிது. பத்துச் சீட்டு எடுத்து முடிந்தபின் கணக்குப் பார்த்தால், முதலிரு கட்டுகளில் 250 டொலர் நட்டம்; மற்றவற்றில் 250 டொலர் இலாபம். இவ்விபரம் ஆடுபவருக்குச் சொல்லப்படுவதில்லை.

சுகதேகிகள் சில பத்துச் சீட்டுகளுக்குள் மெல்ல மெல்ல நல்ல கட்டுகளின் பக்கம் திரும்புகின்றனர். உள்ளங்கையில் ஊறும் வியர்வையை மின்கருவியால் அளந்தபோது ஒரு விசித்திரம் வெளிப்பட்டது. எக்கட்டுத் தீயது என்று வாயினாற் சொல்ல இயலுமுன்னரே, அக்கட்டை நோக்கிக் கை நீளும் வேளையில் உள்ளங்கை வியர்த்தது. உடம்பு முந்தி அறிந்து எச்சரித்தது எனலாம். நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்பகுதியின் அடிப்புறத்திற் சேதமுற்றவர்களுக்கோ இவ்வியர்வை தோன்றவேயில்லை. அவர்களிற் சிலர், "இவை தீய கட்டுகள்" என்று தெளிவாகவே சொன்னார்கள். சொல்லிக்கொண்டே அவற்றிலிருந்து எடுத்தார்கள். இது 1997ஆம் ஆண்டு வெளியான முடிவு. சுகதேகிகள் வியர்வைக்கு முன்னரே ஓரளவு அறிந்துதான் ஆடுகின்றனர் என 2004இல் மறுத்துரைத்த ஆய்வாளரும் உளர். எனினும் அறிவு வேறு, அவ்வறிவு கையைத் தடுக்கும் ஆற்றல் வேறு என்ற செய்தியை அம்மறுப்பு அழித்துவிடவில்லை.

மதுவுக்கும் ஊக்க மருந்துகளுக்கும் அடிமையானோரை இதே ஆட்டத்தில் அமர்த்திய ஆய்வு 2001இல் வந்தது. அவர்களுட் பலர், மூளைச் சேதமுற்றவரைப் போன்றே ஆடினர். எல்லோரும் அல்லர் என்பதை மறத்தலாகாது. சுகதேகிகளிலும் அவ்வாறு ஆடுவோர் சிலர் இருக்கவே செய்தனர்.

காலத்தின் தொலைவும் இங்கே ஒரு காரணமாகும். "1000 டொலர் பிற்காலத்தில் வேண்டுமா, அதனிற் குறைந்த தொகை இன்றே வேண்டுமா?" என்று 1997இல் வெளியான மற்றோர் ஆய்விற் கேட்கப்பட்டது. ஹெரோயினுக்கு அடிமையானோர், ஏனையோரைக் காட்டிலும் மிகச் சிறு தொகையையே "இன்று" என்ற சொல்லுக்காக ஏற்றனர். பத்தாண்டுக்குப் பின் வரும் பணம் அவர்கள் கண்ணிற் சுருங்கியது போலவே, பத்தாண்டுக்குப் பின் வரும் ஈரல் நோயும் சுருங்கித் தோன்றுமல்லவா?

அளவுகோல் பழையதாகிவிடுவதால் நேரும் ஆபத்து இன்னும் கொடியது. ஹெரோயினை நாள்தோறும் பாவிப்பவரின் உடல் அதற்குப் பழகிவிடும். பழகிய உடல் பெரிய அளவையும் தாங்கும். சிறைச்சாலையிற் சில மாதங்கள் அதின்றி இருந்தபின் அத்தாங்குசக்தி நீங்கிவிடுகிறது. விடுதலையாகி வெளியே வருபவர் தம் பழைய அளவையே எடுக்கிறார். அவருடைய நினைவிலே அது ஆபத்தில்லாத அளவு. நூறு முறை எடுத்த அளவு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானோரை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கணக்கின்படி, முதலிரு வாரங்களிற் போதைப் பொருள் மிகையால் அவர்கள் இறக்கும் வாய்ப்பு, பொதுமக்களின் வாய்ப்பைப் போல் 129 மடங்கு. இது துணிச்சலின் விளைவன்று. கணக்குத் தவறியதன் விளைவு. ஸ்கொத்லாந்து 2011இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ், இத்தகையோர் சிறையை விட்டுச் செல்லும்போது அபின் வகைகளின் விளைவை முறிக்கும் நலொக்சோன் மருந்து கையிற் கொடுத்தனுப்பப்படுகிறது.

சித்தப்பிரமையிற் கோணல் மறுபுறமாக உள்ளது. இலண்டனில் 1988ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனை நிகழ்ந்தது. இரு சாடிகள், ஒன்றில் ஒரு நிற மணி 85, மற்றொரு நிற மணி 15, அடுத்த சாடியில் இக்கணக்கு மாறி இருக்கும். மறைவிலுள்ள ஒரு சாடியிலிருந்து மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவர். எச்சாடி என்று சொல்லவேண்டும். எத்தனை மணி வேண்டுமாயினும் கேட்கலாம். ஆதாரமற்ற நம்பிக்கைகளில் உழன்ற நோயாளர், பிறரிலும் குறைவான மணிகளைக் கண்டே முடிவு கூறினர். கணித நோக்கில் இவ்வவசரத்தை முற்றாகப் பழிக்கவும் இயலாது. முதலிரு மணிகளும் ஒரே நிறமாயின், அச்சாடிதான் என்பதற்கு நூற்றுக்கு 97 பங்கு வாய்ப்புண்டு. ஆனால் அயல்வீட்டார் இருமுறை இருமியதைக் கொண்டு, அவர் தம்மைக் கொல்லச் சைகை காட்டுகிறார் என்று முடிவுகட்டினால் நிலைமை வேறு.

அந்த இருமல் ஏன் அத்துணைப் பெரிதாகத் தோன்றவேண்டும்? மூளையிற் சுரக்கும் டோபமின் என்னும் இரசாயனம், "இதைக் கவனி" என்று சில பொருள்களுக்கு முக்கியத்துவம் அளிக்கிறது. சித்தப்பிரமையில் அது காரணமின்றிப் பொங்குவதால், வெறும் இருமலும் தெருவிளக்கும் பொருள் பொதிந்த குறிகளாகிவிடுகின்றன என்று சிதிஜ் கபூர் என்னும் வைத்திய அறிஞர் 2003இல் விளக்கினார். உணவில் நஞ்சென்று எண்ணுபவர் பட்டினி கிடக்கிறார். துரத்துபவரைக் கண்டவர் நள்ளிரவில் நெடுஞ்சாலையிற் குறுக்கே ஓடுகிறார். பார்ப்பவருக்கு அது அச்சமின்மை. அவருக்கோ உயிர் தப்பும் ஓட்டம். காற்றை ஊத ஊதப் பணம் சேர்ந்து, வெடித்தால் யாவும் போகும் பலூன் விளையாட்டொன்று ஆய்வுகூடங்களில் உண்டு. மனச்சிதைவு நோயாளர் அதில் ஏனையோரினும் முன்னதாகவே ஊதுவதை நிறுத்திவிடுவதைச் சில ஆய்வுகள் கண்டுள்ளன. சிக்காகோ நகரிற் கடும் மனநோயாளரை ஆராய்ந்த 2005ஆம் ஆண்டு அறிக்கையோ, ஒரே ஆண்டில் அவர்களுட் கால்வாசிக்கு மேற்பட்டோர் வன்குற்றங்களுக்கு இலக்காகினர் என்று கூறுகிறது. பொதுமக்களைப் போற் பதினொரு மடங்கிற்கும் மேல்! "எதையுஞ் செய்துவிடுவான்" என்று அஞ்சும் ஊரார் இவ்வெண்ணைக் கேட்டிருப்பது அரிது.

இவ்விரு நோயும் ஒருவரிடமே கூடுவது அபூர்வமன்று. மனச்சிதைவு நோயாளரில் நூற்றுக்கு 47 பேர் வாழ்நாளில் ஒரு காலத்தில் மதுவிலோ போதைப் பொருளிலோ சிக்கியிருந்தனர் என்பது 1990இல் வெளியான அமெரிக்கக் கணக்கு. காதிற் கேட்குங் குரல்களை அடக்கக் குடிப்பவருமுண்டு. பார்க்கின்சன் நோய்க்கு டோபமினைப் போலத் தொழிற்படும் மருந்து கொடுக்கப்பட்ட முதியவர் சிலர், முன்னர் ஒருபோதுமில்லாத சூதாட்ட வெறி கொண்டனர். வேறு சிலர் இல்லாத உருவங்களைக் கண்டனர். இரு நோய்க்கும் இடையே ஒரே இரசாயனம் உலாவுவதை இது காட்டுகிறது.

அங்ஙனமாயின், வீட்டாரின் வசையும் வைத்தியரின் பயமுறுத்தலும் எதைச் சாதிக்கும்? குடிகாரருக்கு அவர் அறிந்ததையே மீண்டுஞ் சொல்லும். நோயாளருக்கு ஏற்கெனவே மிகுந்துள்ள அச்சத்தை மேலும் வளர்க்கும். வெர்மொன்ற் பல்கலைக்கழகத்தார் வேறொரு வழியை முயன்றனர். கொக்கெயின் பாவித்தோரின் சிறுநீரை வாரந்தோறும் சோதித்து, தூய்மையாயிருந்தால் அன்றே பொருள் வாங்கத்தக்க சீட்டு வழங்கினர். தொடர்ந்து விலகியிருந்தாற் சீட்டின் மதிப்பு ஏறும். தவறினால் முதற்படிக்கு இறங்கும். இருபத்துநான்கு வாரச் சிகிச்சையை, சீட்டுப் பெற்றோரில் நூற்றுக்கு 75 பேர் முடித்தனர். பெறாதோரில் 40 பேரே முடித்தனர் என 1994இல் அறிவித்தனர். நல்லொழுக்கத்துக்குக் கைக்கூலியா என்று முகஞ்சுளித்தோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். ஆயின் "இன்று" என்ற சொல்லுக்கு மட்டுமே செவிசாய்க்கும் உள்ளத்துக்கு இன்றே பேசுவதன்றி வேறென்ன செய்வது? கடும் மனநோயும் ஊக்க மருந்துப் பழக்கமும் ஒருங்கே உடைய 176 பேரிடம் இம்முறையைச் சோதித்த முடிவு 2013இல் வெளியாயிற்று. வெகுமதி பெற்றோர் மருந்தைக் குறைவாகப் பாவித்தனர். மனநோய் ஆஸ்பத்திரிக்குச் சென்றதும் குறைவு. வெகுமதி நின்றபின் மூன்று மாதம் கவனித்தபோதும், அப்பழக்கம் அவர்களிடம் மற்றவரினும் குறைந்தே காணப்பட்டது.