பாமாயில் வரும் வழியும் விலை பிறக்கும் இடமும்



கீழமாசி வீதியில் காலையில் கடை திறந்ததும் வருகிற முதல் கேள்விகளில் ஒன்று, "இன்றைக்குப் பாமாயில் டின் என்ன விலை?" என்பது. பரோட்டாக் கடைக்காரர், மிக்சர் போடுபவர், கல்யாணச் சமையல்காரர், கிராமத்து மளிகைக் கடைக்காரர் என எல்லோருக்கும் வேண்டிய சரக்கு இது. கடலை எண்ணெய் விலை ஏறினால், மழை இல்லை, வரத்து குறைவு என்று நாம் காரணம் சொல்லிவிடுவோம். பாமாயில் ஏறினால் மட்டும் "கம்பெனிக்காரர் ஏற்றிவிட்டார்" என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். அது முழுப் பதில் ஆகாது. இந்தச் சரக்கு வரும் வழி தெரிந்தால் கொள்முதலில் நஷ்டம் குறையும். வாடிக்கையாளருக்கும் நேர்மையாகப் பதில் சொல்லலாம்.

தோட்டமும் ஆலையும்

இது நம் ஊர்ப் பனைமரத்து எண்ணெய் அல்ல. செம்பனை என்கிற எண்ணெய்ப்பனையின் பழத்திலிருந்து எடுப்பது. இதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு நான்கு கன்றுகள் வந்தன. மலாயாவில் வணிக முறையில் முதலில் நட்டது 1917-இல், சிலாங்கூரில் உள்ள தென்னமரம் தோட்டத்தில். திருச்சி, தஞ்சை, மதுரை, ராமநாதபுரம் பகுதிகளிலிருந்து ரப்பர் பால் வெட்டப் போன குடும்பங்கள் பலவும், பின்னாளில் ரப்பரை எடுத்துவிட்டுச் செம்பனை வைத்தபோது அதே தோட்டங்களில் குலை வெட்டின. இன்று உலக உற்பத்தியில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இந்தோனேசியாவும் மலேசியாவும்தான்.

நட்ட மூன்றாம் ஆண்டு காய்க்கத் தொடங்கும் மரம் சுமார் 25 ஆண்டுகள் பலன் தரும். ஒரு குலை 10 முதல் 25 கிலோ வரை இருக்கும். வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கும். அதனால்தான் ஆலைகள் தோட்டத்தை ஒட்டியே இருக்கின்றன. அங்கே குலையை நீராவியில் வேகவைத்து, பழத்தை உதிர்த்து, பிழிகிறார்கள். 100 கிலோ குலைக்குச் சுமார் 20 கிலோ எண்ணெய் கிடைக்கும். கொட்டைக்குள் இருக்கும் பருப்பின் எண்ணெய் வேறு சரக்கு. அது சோப்புக்கும் மிட்டாய்க்கும் போகிறது.

கப்பலும் சுத்திகரிப்பும்

பிழிந்த கச்சா எண்ணெய் செம்மஞ்சள் நிறத்தில், கெட்டியாக இருக்கும். கப்பல் தொட்டிகளில் அதை இளஞ்சூட்டில் வைத்தே கொண்டுவருகிறார்கள். சென்னை, தூத்துக்குடி, ஆந்திராவின் காக்கிநாடா, கிருஷ்ணப்பட்டினம் போன்ற துறைமுகங்களில் இறங்கி, சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. பசையும் நிறமும் நீக்கி, மிகுந்த சூட்டில் வாடை போக்கி, பிறகு ஆறவைத்துப் பிரிக்கிறார்கள். திரவமாக நிற்பது பாமோலின். நாம் பாமாயில் என்று விற்பது இதைத்தான். உறைந்து நிற்பது ஸ்டியரின். வனஸ்பதிக்கும் சோப்புக்கும் போகிறது. பாமோலின் டின்னிலும் பாக்கெட்டிலும் அடைபட்டு லாரி ஏறி மதுரைக்கு வருகிறது. இங்கிருந்து மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், தேனி என்று பிரிகிறது.

நம் நாட்டில் ஆந்திராவும் தெலுங்கானாவும் செம்பனை வளர்ப்பதில் முன்னே நிற்கின்றன. தமிழ்நாட்டிலும் சில மாவட்டங்களில் உண்டு. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு இதற்கென 11,040 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. ஆனாலும் கடந்த சில ஆண்டுகளாக 75 லட்சம் டன்னுக்கும் ஒரு கோடி டன்னுக்கும் இடைப்பட்ட அளவில் ஆண்டுதோறும் இறக்குமதி ஆகிறது. ஆகவே விலை நம் ஊரில் பிறப்பதில்லை.

விலை எப்படிப் பிறக்கிறது?

1994 வரை பாமோலினை அரசு வணிகக் கழகம் வழியாகவே இறக்குமதி செய்தார்கள். அதன் பிறகு தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அன்று முதல் கோலாலம்பூர் சந்தை, டாலர் மதிப்பு, சுங்கவரி ஆகிய மூன்றும்தான் நம் டின் விலையை ஆட்டுகின்றன.

கணக்குக்காக, கச்சா எண்ணெய் டன் 1,000 டாலர், ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 90 ரூபாய் ஆகிறது. 2025 மே இறுதியில் கச்சா எண்ணெய்க்கு மொத்த வரி 27.5 சதவீதத்திலிருந்து 16.5 ஆகக் குறைக்கப்பட்டது. அந்த விகிதத்தில் கிலோவுக்கு வரி 14 ரூபாய் 85 காசு. சுத்திகரிப்பு, டின், லாரி வாடகை, 5 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் இதற்கு மேல். (வரியை அரசு 15 நாளுக்கு ஒருமுறை அறிவிக்கும் மதிப்பின் மேல் போடுவதால் காசுக்கணக்கில் வித்தியாசம் வரும்.) ஆக, டன்னுக்கு 10 டாலர் ஏறினால் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய் ஏறும். டாலர் ஒரு ரூபாய் ஏறினாலும் அப்படியே. இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்தால், செய்தித்தாளைப் பார்த்தே விலைப் போக்கைச் சொல்லிவிடலாம்.

நாம் எதிர்பாராத அடி அரசு உத்தரவில் வரும். 2022 ஏப்ரல் 28-இல் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23-இல் மீண்டும் திறந்தது. தடை வந்ததும் உச்ச விலையில் வாங்கி அடுக்கியவர்கள், ஜூலைக்குள் விலை சரிந்தபோது கைமுதலை இழந்தார்கள். 2024 செப்டம்பர் 14-இல் நம் அரசு கச்சா எண்ணெய் வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக ஒரே நாளில் உயர்த்தியது. அடுத்த மே மாதத்தில் பாதி உயர்வை இறக்கியது. டின்னுக்குச் சில ரூபாய் லாபத்தில் ஓடும் சிறு கடைக்கு இந்த ஆட்டம் தாங்காது. விற்பனைக்கு ஏற்ப ஒரு வார, பத்து நாள் இருப்பு போதும் என்பது என் கருத்து.

கடையில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, கிலோவும் லிட்டரும். ஒரு லிட்டர் பாமோலின் சுமார் 910 கிராம்தான். 15 லிட்டர் டின்னில் சுமார் 13 கிலோ 650 கிராம் இருக்கும். 15 கிலோ டின்னைவிட அது 1 கிலோ 350 கிராம் குறைவு. "டின் நாற்பது ரூபாய் மலிவு" என்று வாங்கிப் போய், கிலோக்கணக்கில் சில்லறை விலை போட்டு நஷ்டப்பட்ட கடைக்காரர்களை நான் அறிவேன். விலை கேட்கும்போதே கிலோ டின்னா, லிட்டர் டின்னா என்று கேளுங்கள். பாக்கெட்டிலும் ஒரு லிட்டர் போலத் தோன்றி 850 கிராம், 800 கிராம் உள்ளவை வருகின்றன. சூட்டில் எண்ணெய் விரிந்து எடை குறைவதால், வெப்பநிலையைக் காட்டி அளவு அச்சிடக் கூடாது என்று மத்திய அரசு 2022-இல் உத்தரவிட்டது. எடையைப் பார்த்தே வாங்குங்கள்.

இரண்டாவது, உறைதல். மார்கழி, தை மாதங்களில் பாமோலின் கலங்கும். கொடைக்கானல் போகும் சரக்கு கட்டியாகவே நிற்கும். இது கலப்படம் அல்ல, எண்ணெயின் இயல்பு. வெயிலில் வைத்தால் தெளியும். இதை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்லாததால்தான் நல்ல சரக்கு திரும்பி வருகிறது.

மூன்றாவது, பெயர். பாமாயிலுக்குக் கெட்ட பெயர் வந்தது அதைக் கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் சொல்லாமல் கலந்தவர்களால். கலப்பு எண்ணெய் விற்க வேண்டுமானால் எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்ற விவரம் உறையில் வேண்டும். எண்ணெயை உதிரியாக அளந்து விற்பதற்கும் உணவுப் பாதுகாப்புச் சட்ட விதிகளில் தடை உண்டு. மாட்டிக்கொண்டால் வழக்கு கடைக்காரர் மேலும் வரும்.

2007 முதல் ரேஷன் கடை வழியாகப் பாமாயில் தமிழ்நாட்டு வீடுகளில் பழகிவிட்டது. ஏழை எளியவர் அடுப்பில் எரிகிற எண்ணெய் இது. தோட்டத்திலும் கப்பலிலும் நடப்பது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது சரியான எடை, சரியான பெயர், அளவான இருப்பு. இந்த மூன்றையும் காத்தால் வியாபாரமும் நிலைக்கும், நம் சொல்லுக்கு மதிப்பும் நிலைக்கும்.