அரிசித் தவிட்டிலுள்ள ஜீவசத்து

நெல்லின் உமியை நீக்கினால் தவிட்டுத் தோல் போர்த்த அரிசி கிடைக்கிறது. அதன் உட்பகுதி பெரும்பாலும் மாச்சத்தே. கரி, ஹைட்ரஜன், பிராணவாயு என்னும் மூன்று மூலப்பொருள்களாலான சர்க்கரை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் மாலைபோற் கோக்கப்பட்டிருப்பதே மாச்சத்தாகும். உடலில் அது மீண்டும் சர்க்கரையாகிப் பிராணவாயுவுடன் கூடி எரிந்து வலிமை தருகிறது. இவ்வெரிப்பு ஒழுங்காக நடைபெறத் தயாமின் என்னும் ஜீவசத்து வேண்டும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் போதுமாயினும், மனித உடல் அதனைத் தானே ஆக்கிக்கொள்ள வல்லதன்று. அது குறைந்தால் கால் மரத்து, உடல் வீங்கி, இருதயமும் தளரும் பெரிபெரி நோய் காணும்.

இச்சத்து தவிட்டிலும் முளையிலுமே மிகுந்துள்ளது. வெண்மைக்காக அரிசியை நன்கு தீட்டுவோர் அதனை மாட்டுத் தொட்டிக்கு அனுப்பிவிடுகின்றனர். மாட்டுக்கு அதில் நஷ்டமில்லை. 1890-களில் ஜாவாவில் ஐக்மன் என்னும் டச்சு வைத்தியர், தீட்டிய அரிசியே தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசியால் தேறுவதையும் கண்டார். 1926-ல் அங்கேயே யான்ஸன், டோனாத் இருவரும் தவிட்டினின்று தயாமினைப் பளிங்காகப் பிரித்தனர். 1936-ல், நெல்லூரிற் பிறந்த அமெரிக்கரான ஆர். ஆர். வில்லியம்ஸ் அதனைச் செயற்கையாகவும் ஆக்கினார்.

தயாமின் நீரிற் கரைவது. ஆகையால் நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, அதில் ஒரு பகுதி தவிட்டினின்று அரிசியினுள் இறங்கித் தங்குகிறது. பிறகு தீட்டினாலும் முற்றும் போவதில்லை. பச்சரிசிக்கு இவ்வசதியில்லை. அரிசியைப் பன்முறை கழுவுவதும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் அதே காரணத்தாற் கெடுதி. குடியானவர்கள் வீட்டு உபயோகத்துக்கு வைக்கும் நெல்லைப் புழுக்கி, லேசாகத் தீட்டி, ஒரு முறை மட்டும் கழுவி, நீர் வற்றச் சமைத்தல் நலம். வடித்தே தீரவேண்டுமாயின் கஞ்சியை உப்பிட்டுக் குடிக்கலாம்.