உப்புக்காற்றுக்கு ஏற்ற நாற்காலி

வீட்டின் உள்ளலங்காரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இக்காலத்தில் ‘மிட் செஞ்சுரி மாடர்ன்’ என்னும் பெயரை அடிக்கடி உச்சரிக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அமெரிக்காவிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் செழித்திருந்த பாணி அது. செதுக்குவேலையையும் ஆடம்பரத் திரைகளையும் தள்ளிவிட்டு, மெலிந்து சாய்ந்த கால்களும், தாழ்ந்த ஆசனங்களும், மரத்தின் ரேகையை மறைக்காத மெருகும், அகன்ற ஜன்னல்களும் கொண்டு, சாமான் குறைந்த விசாலமே சௌகரியம் என்ற கொள்கையை அது நிலைநாட்டிற்று. யுத்தத்தில் கால் முறிந்த சிப்பாய்களுக்கு வைத்துக் கட்டும் பத்தைகளைப் பிளைவுட்டை வளைத்துச் செய்து பழகிய சார்லஸ் ஈம்ஸும் அவர் மனைவி ரேயும், அதே வித்தையை நாற்காலிக்குத் திருப்பி 1956இல் வெளியிட்ட சாய்வாசனம் அதன் பிரசித்தமான சிருஷ்டி.

இது முற்றிலும் மேனாட்டுச் சரக்கு என்றே பலரும் கருதுவர். ஆயினும் அப்பாணியின் ஆசாரியர்களுள் ஒருவராகப் பின்னாளில் மதிக்கப்பெற்ற ஜார்ஜ் நகஷிமா, மரச்சாமான் வடிவமைப்பில் முதன்முதல் கைவைத்தது நம் கீழைக்கடற்கரையில், புதுச்சேரியிலேதான். ஜப்பானிய வமிசத்து அமெரிக்கரான அவர், டோக்கியோவில் அன்டோனின் ரேமண்டு என்ற கட்டடக் கலைஞரிடம் பணிபுரிந்து வந்தார். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துச் சாதகர்கள் தங்குவதற்கு ஒரு விடுதி அமைக்கும் பொறுப்பு ரேமண்டை வந்தடைந்தபோது, அவர் சார்பில் நகஷிமா 1937இல் புதுச்சேரிக்கு வந்தார். வந்தவர் சம்பளத்தைத் துறந்து ஆசிரமவாசியாகி, சுந்தரானந்தர் என்ற நாமமும் பெற்றார். ஹைதராபாத் நிஜாமின் நன்கொடையை நினைவுகூர்ந்து ‘கோல்கொண்டா’ எனப் பெயரிடப்பட்ட அவ்விடுதி, காங்கிரீட்டால் இந்தியாவில் எழுந்த ஆதி நவீனக் கட்டடங்களுள் ஒன்றாகும்.

அதன் அறைகளுக்குப் புறச்சுவர் என்பதே இல்லை எனலாம். வடக்கிலும் தெற்கிலும் மேலிருந்து கீழ்வரை கிடைவாட்டில் அமைந்த பலகைகளே சுவரின் ஸ்தானத்தில் நின்று, வேண்டும்போது திறந்தும் வேண்டாதபோது மூடியும் வெயிலைத் தடுத்துக் காற்றை மாத்திரம் உள்ளே விடுகின்றன. அறைக்கும் நடைவழிக்கும் நடுவே தேக்கினாலான தள்ளுகதவு. அதன் சட்டங்கள் இடைவெளி விட்டு முன்னும் பின்னுமாக அடுக்கப்பட்டிருப்பதால், கண் நுழையாத இடத்தில் காற்று நுழைகிறது. தரைக்குக் கடப்பைக்கல், கட்டிலுக்கும் மேஜைக்கும் நாற்காலிக்கும் அலங்காரக் கோடு ஒன்றும் இல்லாத தேக்கு, கீல் முதலிய உலோக உறுப்புகளுக்கோ, அன்பர்கள் தந்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்த பித்தளை. 1939இல் அங்கிருந்து புறப்பட்ட நகஷிமா, பிற்பாடு பென்சில்வேனியாவில் பட்டறை அமைத்துப் புகழெய்தினார். ஈம்ஸ் தம்பதியர் 1958இல் இந்திய சர்க்காருக்கு அளித்த அறிக்கையை ஒட்டி 1961இல் அகமதாபாத்தில் தோன்றிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்காக, 1964இல் மறுபடியும் இந்தியா வந்து மரச்சாமான்களை வடிவமைத்தார்.

நம் தூத்துக்குடிக்கு அக்கரையான கொழும்பிலோ, இப்பாணி வேறொரு நிர்ப்பந்தத்தால் உருமாறிற்று. 1960களில் இலங்கை அரசு இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய காலத்தில், கண்ணாடிக்கும் உருக்குக்கும் தட்டுப்பாடு நேரவே, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா ஓட்டுக்கூரையையும் உள்முற்றத்தையும் உள்ளூர் மரத்தையும் கல்லையும் கொண்டே நவீன வீடுகளை அமைத்தார். ஈனா டி சில்வாவின் பாத்திக் துணிகளும், பார்பரா சன்சோனியின் கைத்தறியும் அவர் கட்டடங்களுக்கு வர்ணம் ஊட்டின. ஹார்வி சகோதரர்கள் தூத்துக்குடியில் நிறுவிய கோரல் மில்லின் வழிவந்த மதுரா கோட்ஸ் நூற்பாலை நிறுவனம், 1970களில் மதுரையில் தன் கிளப்பைக் கட்டுவதற்கு அழைத்ததும் இதே பாவாவைத்தான்.

இனித் தூத்துக்குடி வீட்டுக்குள் நுழைவோம். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு நம் முன்னோர் எழுப்பிய தடித்த சுவர்கள் உள்ளே குளுமையைக் காத்தன. எனினும் அந்தக் கல் கடலடியிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட பவளப்பாறை. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாகிப் பவளம் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றுவிட்ட இந்நாளில், அம்முறைக்குத் திரும்புவது இயலாததும் தகாததும் ஆகும். அவற்றுக்குப் பின் வந்த மொசைக் தரையும், சிமெண்ட் ஜாலியும், சுவரில் பதித்த கடப்பைக்கல் தட்டும், பிரம்பு பின்னிய நாற்காலியும், துணி மாட்டிய ஈசிசேரும் உள்ள வீட்டை நாம் பழைய பாஷன் என்று இடித்துத் தள்ளுகிறோம். ஆனால் சாமானைக் குறைத்து, தரையைத் திறந்து விட்டு, காற்றுக்கு வழி செய்த அந்த வீடு, எவரும் பெயர் சொல்லி அழைக்காத நம்மூர் நவீனமேயாகும்.

இப்பாணியை விரும்புவோர் கடற்கரையின் குணத்தையும் சற்றே ஆலோசித்தல் நலம். இங்கே இரும்புப் பீரோவின் அடிப்பாகம் பொரிந்து உதிர்கிறது. இரும்பு ஆணி இறங்கிய இடத்தில் தேக்கு கறுக்கிறது. மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகை ஈரம் பட்டு ஊதிப்போகிறது. ஆகவே, படத்தில் கண்ட மேஜையைத் தபாலில் தருவிப்பதைவிட, அப்படத்தையே உள்ளூர் ஆசாரியிடம் காட்டி, தேக்கிலோ பூவரசிலோ சட்டம் இழைத்து, பித்தளைத் திருகாணி முடுக்கி, ஆசனத்துக்குப் பிரம்பு பின்னச் சொல்வது புத்திசாலித்தனம். மெத்தை கனத்த சோபாவைச் சுவரோடு சுவராக ஒட்டி வைத்து ஜன்னலை மறைப்பதினும், கச்சானாகிய மேல்காற்றும் கொண்டலாகிய கீழ்காற்றும் எதிரெதிரே புகுந்து வெளியேற இடம் விட்டு, மிஞ்சிய இடத்தில் மட்டும் சாமானை வைப்பது உத்தமம். எந்தக் காற்றுக்கு வழிவிடுகிறது, எத்தனை ஆண்டு உப்பைத் தாங்குகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் தக்க விடை தராத நாற்காலி, எந்த நாட்டு முத்திரை தாங்கி வந்தாலும், இவ்வூருக்கு நவீனமானதன்று.