இலவசம்னா இளக்காரமா?

கேன்டீன்ல டீ குடிச்சுக்கிட்டே யாராவது ஒருத்தர் இப்படித் தீர்ப்பு சொல்லியிருப்பாங்க... ‘ஃபீஸே வாங்காத ஸ்கூல்ல படிப்பு எப்படி மச்சான் நல்லா இருக்கும்?’ நீங்களும் தலையாட்டியிருப்பீங்க. அடுத்த முறை தலையாட்டுறதுக்கு முன்னாடி, கென்யா வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமா?

2002 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து அதிபரானார் முவாய் கிபாகி. சொன்ன வாக்குப்படி, 2003 ஜனவரியில் அரசு தொடக்கப் பள்ளிகளில் கட்டணத்தை ரத்து செய்தார். அவ்வளவுதான்... பள்ளிக்கூட வாசல்களில் கூட்டம் அலைமோதியது. முந்தைய வருடம் சுமார் 59 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை, ஒரே வருடத்தில் சுமார் 72 லட்சம் ஆனது!

அடுத்த வருடம் எல்டோரெட் பகுதிப் பள்ளி ஒன்றில், யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ஒண்ணாம் கிளாஸில் வந்து உட்கார்ந்தார் ஒரு தாத்தா. பெயர் கிமானி மருகே. வயது 84! தொடக்கப் பள்ளியில் சேர்ந்தவர்களிலேயே மிக மூத்தவர் என்று கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பிடித்தார். பிறகு அவர் கதை ‘தி ஃபர்ஸ்ட் கிரேடர்’ என்று சினிமாவாகவும் வந்தது.

சரி, பிள்ளைகள் வந்தாச்சு. டீச்சர்? அங்கேதான் சிக்கல். புது ஆசிரியர் பணியிடங்களுக்கு 1998-லேயே பூட்டுப் போட்டிருந்தது அரசு. விலகியவர்கள் இடத்தை நிரப்புவதோடு சரி. குழந்தை ஒன்றுக்கு வருடத்துக்கு 1,020 ஷில்லிங் கொடுத்தார்கள். புத்தகம், நோட்டு வந்தது. ஆனால், சில பள்ளிகளில் ஒரே வகுப்பில் நூறு பேர்! வசதியுள்ள பெற்றோர் பலர் தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றினார்கள். புதுசு புதுசாகத் தனியார் பள்ளிகள் முளைத்தன. ‘தரம் போச்சு’ என்ற புலம்பலும் ஆரம்பித்தது.

நிஜமாவே போச்சா? ஒரு சின்னக் கணக்கு. உங்க கிளாஸ்ல நாற்பது பேர். இதுவரை பரீட்சை எழுதவே வழியில்லாத பத்து பேர் புதுசா வந்து எழுதுறாங்க. கிளாஸ் சராசரி இறங்கத்தான் செய்யும். அதுக்காக, பழைய நாற்பது பேரும் படிச்சதை மறந்துட்டாங்கன்னு அர்த்தமா?

ஏட்ரியன் லூகாஸ், ஐசக் எம்பிட்டி என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் இதைத்தான் தோண்டிப் பார்த்தார்கள். 2012-ல் வெளியான அவர்களின் ஆய்வு சொன்னது: இலவசக் கல்வியால் தொடக்கக் கல்வியை முடித்தவர்கள் அதிகமானார்கள். ஏழைப் பிள்ளைகள் நிறைய பேர் உள்ளே வந்தார்கள். கட்டணம் இருந்திருந்தாலும் எப்படியும் படித்திருக்கக்கூடிய மாணவர்களின் மதிப்பெண்ணில் பாதிப்பு மிக மிகக் குறைவு.

அதற்காக, கதவைத் திறந்துவிட்டால் போதும் என்றும் சொல்ல முடியாது. மலாவி நாடு 1994-ல் இதையே செய்தது. 19 லட்சம் பிள்ளைகள் இருந்த இடத்தில் கிட்டத்தட்ட 30 லட்சம். சமாளிக்க, சுமார் 20 ஆயிரம் பேரை அவசர அவசரமாக ஆசிரியராக்கினார்கள். பெரும்பாலானவர்கள் முறையான பயிற்சி இல்லாதவர்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வந்தும், படிக்கத் தெரியாமலே பலர் பாதியில் நின்றார்கள்.

ஆக, தரத்தைக் கெடுப்பது இலவசம் அல்ல. பந்திக்கு ஊரையே கூப்பிட்டுவிட்டு, பழைய அளவுக்கே உலை வைப்பதுதான். அதைவிட மோசம், தட்டிக்கேட்கத் தெம்புள்ளவர்கள் பந்தியிலிருந்து எழுந்து போய்விடுவது. மிச்சமிருப்பவர்களின் குரல் யார் காதில் விழும்?

உங்க பெஞ்சிலேயே, வீட்டுக்கு முதல் பட்டதாரியா ஒருத்தர் உட்கார்ந்திருக்கலாம். ஒருவேளை, அது நீங்களாகவே இருக்கலாம். ஃபீஸ் கேட்காத ஒரு பள்ளிக்கூடம் இல்லேன்னா, அந்த பெஞ்ச் காலியாத்தானே இருந்திருக்கும்?

அதனால, கேன்டீன்ல அடுத்த தடவை அந்தத் தீர்ப்பு வந்தா, தலையாட்டாம இப்படிக் கேளுங்க... ‘ஃபீஸை எடுத்தாங்க, சரி. டீச்சரைக் கொடுத்தாங்களா?’