குலசையின் வானமும் ஒரு குளிர்பான பாட்டிலும்

தேசிய அறிவியல் தினமான 2024 பிப்ரவரி 28 அன்று, தூத்துக்குடி மாவட்டம் குலசை எனும் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அன்றே ரோகிணி ரக ஆய்வு ராக்கெட் ஒன்றும் அங்கிருந்து பறந்தது. முத்தாரம்மன் தசராவுக்குப் பேர்போன குலசைக்கு இந்த ஏவுதளம் ஏன் வந்தது? அந்த வட்டாரப் பள்ளி மைதானங்களிலேயே பிள்ளைகள் இதற்கு விடை தேடலாம்.

காலியான ஒரு லிட்டர் குளிர்பான பாட்டில், வாய்க்கு ஏற்ற ரப்பர் கார்க், அதைத் துளைத்துச் செருகிய சைக்கிள் ட்யூப் வால்வு, காற்றடிக்கும் பம்பு, வாலில் மூன்று அட்டை இறக்கைகள், மூக்கில் கொஞ்சம் களிமண். ஒரு பாட்டில் ராக்கெட்டுக்கு இவ்வளவுதான் செலவு. குடிதண்ணீர் பாட்டில் வேண்டாம். அது அழுத்தம் தாங்காது. பம்புக் குழாய் நீளமாக இருக்கட்டும். காற்றடிக்கும்போது யாரும் பாட்டில்மேல் குனியக் கூடாது. ஆசிரியர் கட்டாயம் உடனிருக்க வேண்டும்.

பாட்டிலைக் கவிழ்த்து நிறுத்தி, கார்க் தெறிக்கும்வரை காற்றடிக்க வேண்டும். முதலில் வெறும் காற்றோடு விடுங்கள். சற்றுத் தாவி விழுந்துவிடும். பிறகு மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, கார்க்கை அதே இறுக்கத்தில் செருகி விடுங்கள். தண்ணீரைக் கீழே பீய்ச்சியபடி எங்கேயோ போகும்! ராக்கெட் தரையை உதைத்துக் கிளம்புவதில்லை. எடையுள்ள ஒன்றை வேகமாகக் கீழே தள்ளுவதால்தான் மேலே போகிறது. தண்ணீர் அதிகமானால் தள்ளுவதற்குக் காற்று போதாது. விழுந்த பாட்டிலை உடனே எடுத்துப் பாருங்கள், உள்ளே வெண்பனி மூட்டம் இருக்கும். அழுத்தம் சட்டென்று குறைந்ததில் காற்று குளிர்ந்து, ஈரம் துளிகளாகியிருக்கிறது. அத்தனை பிள்ளைகளும் அதை எட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

கைதட்டியதோடு கலைந்துவிடாமல் உயரத்தையும் அளக்க வேண்டும். கோணமானியில் நூல்கட்டிக் கல்லைத் தொங்கவிட்டால் கருவி தயார். ராக்கெட் நேராக ஏறும்போது, 20 மீட்டர் தள்ளி நின்று உச்சியை 45 டிகிரியில் பார்த்தால், உயரம் 20 மீட்டரோடு உங்கள் கண்மட்டம்.

இனி மூக்கில் களிமண்ணைக் கூட்டுங்கள். சிறிதளவு நேராகப் பறக்க உதவும்; அளவு மிஞ்சினால் உயரம் விழும். குலசையின் கணக்கும் இந்த எடைக் கணக்குதான். இஸ்ரோவின் ஏவுதளம் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குத் தெற்கே போகும் ராக்கெட், இலங்கைமேல் பறக்காமலிருக்க வளைந்து போகிறது. அந்த வளைவு எரிபொருளைத் தின்கிறது. பெரிய ராக்கெட் சமாளிக்கும். 500 கிலோவை 500 கிலோமீட்டர் உயரத்துக்குச் சுமக்கும் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.க்கு அது பெரிய இழப்பு. குலசையிலிருந்து தெற்கே நெடுக இந்தியப் பெருங்கடல்தான், வளைய வேண்டியதில்லை. மிச்சமாகும் எரிபொருள் அளவுக்குக் கூடுதல் செயற்கைக்கோள் எடையை ஏற்றலாம்.