ஆறு காட்டிய வழி

ஐரோப்பாவில் உள்ள ஆஸ்திரியா மலைகள் நிறைந்த நாடு. அதன் நிலப்பரப்பில் பாதிக்கும் மேற்பட்ட பகுதியில் ஆல்ப்ஸ் மலைத்தொடர் பரந்து கிடக்கிறது. அத்தகைய நாட்டில் பல நாள் மிதிவண்டிப் பயணம் செய்வதற்கு வலிமையான கால்களும் நீண்ட நாள் பயிற்சியும் தேவை என்றுதான் நாம் நினைப்போம். ஆனால், கோடைக்காலத்தில் அங்குள்ள டான்யூப் ஆற்றங்கரையில் நாம் காணும் காட்சி வேறு. பள்ளிப் பிள்ளைகள், அவர்களின் பெற்றோர், ஓய்வுபெற்ற முதியவர்கள் எனப் பலரும் மிதிவண்டியின் பின்புறத்தில் இரு பைகளை மாட்டிக்கொண்டு, ஊர் ஊராகச் செல்கின்றனர். பெரும்பாலோர் விளையாட்டு வீரர்கள் அல்லர். அப்படியிருக்க, அவர்களால் இவ்வளவு தொலைவு எப்படிச் செல்ல முடிகிறது? அதற்கான விடை, ஆறு செய்த வேலையிலும் அதன் கரையில் வாழ்ந்த மக்களின் உழைப்பிலும் அடங்கியுள்ளது.

ஆறு செய்த வேலை

டான்யூப் ஆறு ஜெர்மனியில் தோன்றி, பத்து நாடுகளைத் தொட்டுக்கொண்டு, ஏறத்தாழ 2,850 கிலோமீட்டர் ஓடிக் கருங்கடலில் கலக்கிறது. அதன் கரையோரப் பாதையில் மிகவும் புகழ்பெற்ற பகுதி, ஜெர்மனியின் பாஸாவ் நகரத்திற்கும் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவிற்கும் இடையே உள்ளது. இதன் நீளம் ஏறத்தாழ 320 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் சென்றால் ஒரு வாரத்திற்குள் பயணத்தை முடித்துவிடலாம்.

இந்த 320 கிலோமீட்டரில் ஆறு ஏறத்தாழ 130 மீட்டர்தான் கீழே இறங்குகிறது. அதாவது, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். சாதாரண மலைச்சாலை ஒன்றை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 6 மீட்டர் உயரும் சாலையில், ஒரே கிலோமீட்டரில் நாம் 60 மீட்டர் ஏற வேண்டும். டான்யூப் ஆறு அந்த உயரத்தை இறங்குவதற்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் எடுத்துக்கொள்கிறது! பல இலட்சம் ஆண்டுகளாக நீர் பாறையை அரித்து உருவாக்கிய பள்ளத்தாக்குதான் பயணிகளுக்குச் சமமான வழியைத் தந்துள்ளது.

பள்ளத்தாக்கை விட்டு வடக்கே சென்றால் இந்த உண்மை நன்கு விளங்கும். அங்கே கருங்கற்பாறையால் ஆன குன்றுகள் அலை அலையாக எழுந்து தாழ்கின்றன. வானுயர்ந்த சிகரம் எதுவும் இல்லை. ஆயினும், சாலை ஓர் ஓடையை நோக்கி இறங்கும். உடனே அடுத்த குன்றின்மேல் ஏறும். ஏறும்போது செலவிட்ட ஆற்றல் இறங்கும்போது நமக்கு முழுமையாகத் திரும்பக் கிடைப்பதில்லை. அதில் பெரும்பகுதி காற்றை எதிர்ப்பதிலும் பிரேக்கை அழுத்துவதிலும் வீணாகிறது. எனவே, சிறு ஏற்றங்கள் பல சேர்ந்து ஒரு பெரிய மலையை ஏறிய களைப்பைத் தந்துவிடும்.

மிதிவண்டியின் கியர் இங்கு ஓரளவு உதவும். ஏற்றத்தில் கியரைக் குறைத்தால், குறைந்த விசையோடு மிதிக்கலாம். ஆனால், அதிக முறை மிதிக்க வேண்டும். ஏற வேண்டிய உயரம் குறைவதில்லை. அதை நாம் சிறு சிறு பங்குகளாகப் பிரித்துக்கொள்கிறோம். நீண்ட தூரம் செல்வோர் ஏற்றத்தின் நடுவில் அல்லாமல் அதன் தொடக்கத்திலேயே கியரைக் குறைப்பது இதனால்தான்.

சமவெளியில் செல்வோருக்குக் காற்றுதான் பெரிய தடை. டான்யூப் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. ஆகையால், பெரும்பாலோர் மேற்கில் உள்ள பாஸாவில் புறப்பட்டுக் கிழக்கு நோக்கிச் செல்கின்றனர். ஆற்றின் போக்கோடு காற்றும் அவர்களுக்குத் துணை நிற்கிறது.

குதிரைகள் நடந்த பாதை

பள்ளத்தாக்கை ஆறு அமைத்தது. ஆனால், கரையில் உள்ள பாதையை அமைத்தவர்கள் மனிதர்கள். அதை அவர்கள் மிதிவண்டிக்காக அமைக்கவில்லை. நீராவிக் கப்பல்கள் வருவதற்கு முன், சரக்குப் படகுகள் ஆற்றோட்டத்தோடு எளிதாகக் கீழே சென்றன. மேல்நோக்கித் திரும்புவதுதான் கடினம். நீரோட்டத்தை எதிர்த்துச் செல்ல, படகுகளைத் தடித்த கயிறுகளால் கட்டிக் குதிரைகள் கரையிலிருந்து இழுத்தன. பெரிய படகு வரிசைக்குப் பல குதிரைகள் தேவைப்பட்டன. அவை நடப்பதற்காக நீரோரமாகவே பாதைகள் போடப்பட்டன.

19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் பெருகின. படகை இழுக்கும் குதிரைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆயினும், பாதைகள் முற்றிலும் அழியவில்லை. ஆற்றைப் பராமரிக்கும் பணியாளர்கள் அவற்றைப் பயன்படுத்தி வந்தனர். 1980களில் இப்பாதைகள் மிதிவண்டியோட்டிகளுக்காகத் திறந்துவிடப்பட்டன. பாதை பெரும்பாலும் தயாராகவே இருந்ததால், வழிகாட்டிப் பலகைகளை நட்டு, இடைவெளிகளை இணைப்பதே முக்கிய வேலையாக இருந்தது.

வழியில் காண்பவை

பாஸாவ் நகரில் டான்யூப், இன், இல்ட்ஸ் ஆகிய மூன்று ஆறுகள் ஒன்றுகூடுகின்றன. அவற்றின் நீர் வெவ்வேறு நிறத்தில் இருப்பதால், அவை கலக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்கலாம். அங்கிருந்து சற்றுத் தொலைவில் ஷ்லோகன் என்னும் இடம் உள்ளது. அங்கே கடினமான பாறை குறுக்கிடுவதால், ஆறு வந்த திசைக்கே திரும்புவதுபோல் வளைகிறது. கரையில் மலை செங்குத்தாக இறங்கும் இடங்களில் பாதைக்கு இடமில்லை. அங்கு மிதிவண்டிகளை ஏற்றிச் செல்லச் சிறு படகுகள் உள்ளன.

மேலும் கிழக்கே சென்றால், கிரைன் என்னும் சிற்றூர் வரும். முற்காலத்தில் அதன் அருகில் இருந்த பாறைகளும் நீர்ச்சுழல்களும் படகோட்டிகளை அச்சுறுத்தின. பாறைகள் படிப்படியாக உடைக்கப்பட்டன. பின்னர், 1959ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட இப்ஸ்-பெர்சன்போய்க் நீர்மின் நிலையத்தால் அங்கு நீர்மட்டம் உயர்ந்து, சுழல்களின் அச்சம் நீங்கியது. இத்தகைய நீர்மின் நிலையங்கள் நாட்டுக்கு மின்சாரம் தருகின்றன. அவற்றுள் பலவற்றின்மீது மிதிவண்டியில் சென்று மறுகரையை அடையவும் முடிகிறது.

மக்கள் எடுத்த நிலைப்பாடு

மெல்க், கிரெம்ஸ் ஆகிய ஊர்களுக்கு இடையே ஏறத்தாழ 36 கிலோமீட்டர் நீளமுள்ள பகுதி வாஹாவ் எனப்படுகிறது. இங்கே மலைச்சரிவுகளில் கற்களை அடுக்கிக் கட்டிய படிகளில் திராட்சைத் தோட்டங்கள் உள்ளன. கீழே ஆப்ரிகாட் மரங்கள் வளர்கின்றன. அறுவடைக் காலத்தில் விவசாயிகள் பாதையோரத்திலேயே பழங்களை விற்கின்றனர்.

இப்பகுதியிலும் நீர்மின் நிலையம் ஒன்றைக் கட்டத் திட்டமிடப்பட்டது. ஆனால், அணை கட்டினால் ஓடும் ஆறு தேங்கிய நீராகிவிடும் என்றும் தலைமுறை தலைமுறையாகக் காத்த நிலத்தின் தோற்றம் மாறிவிடும் என்றும் உள்ளூர் மக்கள் கவலைப்பட்டனர். 1970களிலிருந்து அவர்கள் ஒன்றுகூடித் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தனர். இறுதியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆஸ்திரியாவில் டான்யூப் ஆறு அணையின்றி இயல்பாக ஓடும் இரண்டு பகுதிகளுள் வாஹாவும் ஒன்று. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுடைமை இடமாக அறிவித்தது. இன்று அங்கு மிதிவண்டியில் வருவோர் சிற்றூர்களில் தங்குகின்றனர், உணவு உண்கின்றனர், பழம் வாங்குகின்றனர். மக்கள் காத்த நிலம் அவர்களின் வாழ்வாதாரத்திற்கும் துணையாகிறது.

எனினும், ஆற்றங்கரையில் வாழ்வது எளிதன்று. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாஸாவில் வெள்ளம் 12.89 மீட்டர் உயரத்தை எட்டியது. அந்நகரின் பழைய கட்டடச் சுவர்களில் வெவ்வேறு ஆண்டுகளின் வெள்ள அளவுகள் குறிக்கப்பட்டுள்ளன. பாதையும் தாழ்வான நிலத்தில் இருப்பதால், வெள்ளக் காலத்தில் நீரில் மூழ்கும். சமமான வழியைத் தந்த ஆறு, தேவைப்படும்போது அந்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அங்குள்ளவர்கள் அதை அறிந்தே வாழ்கின்றனர்.

நமக்கு அருகில்

இத்தகைய பாதையைக் காண ஐரோப்பாவுக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. சிங்கப்பூரில் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நீளமுள்ள பழைய ரயில் தடம் உள்ளது. 2011ஆம் ஆண்டில் தஞ்சோங் பகாருக்கு வந்த ரயில் சேவை நின்றது. தண்டவாளத்தின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. ஆனால், அந்தத் தடம் துண்டு துண்டாக்கப்படாமல், நடப்போருக்கும் மிதிவண்டியோட்டிகளுக்கும் உரிய பசுமை வழியாகக் காக்கப்பட்டுள்ளது. செங்குத்தான ஏற்றத்தில் ரயிலால் ஏற முடியாது. அதனால், தடம் அமைத்தவர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் சரிவைக் குறைத்தனர். குதிரைகளுக்காகப் போட்ட பாதை டான்யூப் கரையில் பயன்படுவதுபோல, ரயிலுக்காகப் போட்ட பாதை இங்கே நமக்குப் பயன்படுகிறது.

ஒரு பாதையின் முதல் வேலை முடிந்துவிட்டால், அதன் பயனும் முடிந்துவிடுவதில்லை. அதை மூடிவிடுவதா, அடுத்த தலைமுறைக்குத் திறந்துவிடுவதா என்பது அங்கு வாழும் மக்களின் கையில் உள்ளது. அடுத்த முறை நீங்கள் சமமான பாதையொன்றில் களைப்பின்றி மிதிவண்டி ஓட்டும்போது, அதைச் சமமாக்கியது ஆறா, குதிரையா, ரயிலா என்று எண்ணிப் பாருங்கள்.